உதவித்தொகை எத்தனை ஆண்டு வரும்? சேலம் மாவட்டப் பெற்றோர், மாணவர் கேள்விகளுக்குப் பதில்

ஏற்காட்டிலிருந்து ஒரு தந்தை: ஐயா, நாங்கள் பழங்குடியினர். சேலத்தில் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகளுக்கு மூன்று தாள் அரியர் இருக்கிறது. போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை நின்றுவிடுமா?

பதில்: அரியர் இருப்பதாலேயே நிற்காது. பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கான இந்த உதவித்தொகை, படிப்பு முடியும்வரை ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுவது. மாணவர் அடுத்த வகுப்புக்குச் சென்றாரா என்பதே அதற்கு அளவுகோல். முந்தைய ஆண்டின் தாள்களில் தேறாவிட்டாலும், பல்கலைக்கழக விதிப்படி அடுத்த ஆண்டுக்கு அனுப்பப்பட்டால், அந்த ஆண்டுக்குரிய தொகைக்கு உங்கள் மகளுக்கு உரிமை உண்டு. மூன்றாம் ஆண்டு முடிந்தபின் வீட்டிலிருந்து அரியர் எழுதும் காலத்துக்குத்தான் தொகை கிடையாது. அரியரைவிட நீங்கள் அஞ்ச வேண்டியது வருகைப்பதிவுக் குறைவுக்கே. மலையிலிருந்து இறங்கி, முதன்முறையாக விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் திருவிழாவுக்கும் காப்பிப் பழம் பறிக்கும் பருவத்துக்கும் ஊருக்குப் போய் வாரக்கணக்கில் தங்கிவிடுகிறார்கள். அதனால் தேர்வெழுதும் அனுமதியை இழந்து அதே வகுப்பில் மீண்டும் அமர நேர்ந்தால், உதவித்தொகையும் சிக்கலாகிவிடும். தயவுசெய்து வருகைச் சதவீதத்தை மாதந்தோறும் கேட்டறியுங்கள்.

ஓமலூர் மாணவர்: நானும் அதே உதவித்தொகை பெறுகிறேன். விபத்தில் கால் முறிந்து ஆண்டுத் தேர்வு எழுத முடியவில்லை.

பதில்: நோயினாலோ எதிர்பாராத நிகழ்வினாலோ தேர்வு எழுத இயலாதவருக்கு அடுத்த ஆண்டும் புதுப்பிக்க விதியில் இடம் உண்டு, கல்லூரி முதல்வர் மனநிறைவடையும்படி மருத்துவச் சான்று தர வேண்டும். குணமாகும்வரை காத்திராமல் இப்போதே கொடுத்து, உங்கள் நகலில் கல்லூரி அலுவலக முத்திரையையும் தேதியையும் வாங்கி வையுங்கள். பின்னாளில் கேள்வி எழுந்தால் உங்களுக்குத் துணை நிற்பது அந்த முத்திரைதான்.

ஆத்தூர் மாணவி: போஸ்ட் மெட்ரிக் உதவியோடு பி.ஏ. முடித்தேன். இனி பி.காம். சேர்ந்தால் தொகை வருமா?

பதில்: வராது, ஒரே நிலையில் இரண்டாவது பட்டத்துக்கு இத்திட்டம் உதவுவதில்லை. எம்.ஏ. சேர்ந்தால் அது அடுத்த நிலை என்பதால் விண்ணப்பிக்கலாம்.

மேட்டூர் மாணவி: மாணவியரின் உயர்கல்விக்கு மாநில அரசு தரும் புதுமைப்பெண் திட்டத்தின் 1,000 ரூபாய் எதுவரை வரும்?

பதில்: இளநிலைப் பட்டம், பட்டயம், ஐ.டி.ஐ. என நீங்கள் சேர்ந்த படிப்பு முடியும்வரை மாதந்தோறும் வரும். வேறு உதவித்தொகை பெற்றாலும் தடையில்லை. முதுநிலைக்கு இது தொடராது. உங்களுக்குத் தம்பி இருந்தால், மாணவர்களுக்காக 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அவருக்கும் இதே தொகை கிடைக்கும். அவர் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலோ அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்திருக்க வேண்டும்.

சேலம் அம்மாப்பேட்டையிலிருந்து ஒரு தாய்: பிளஸ் டூ மதிப்பெண்ணுக்காக மத்திய அரசு தரும் உதவித்தொகை பொறியியல் படிக்கும் என் மகனுக்குக் கிடைத்தது. நான்காண்டும் தானாக வருமா?

பதில்: தானாக வராது, அம்மா. இத்திட்டத்தின் உச்சவரம்பு ஐந்தாண்டு என்பதால் நான்காண்டுப் படிப்புக்குக் காலம் போதும்; முதல் மூன்றாண்டு ஆண்டுக்கு 12,000 ரூபாய், நான்காம் ஆண்டு 20,000 ரூபாய். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் காட்டி, தேசிய உதவித்தொகை இணையதளத்தில் புதுப்பித்தாக வேண்டும். மகன் விண்ணப்பித்ததும் கல்லூரியின் பொறுப்பு அலுவலர் அதைச் சரிபார்த்து அனுப்பிவிட்டாரா என்பதையும் இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.