ஷெல் துண்டு, சிங்களப் படிவம், கிளினிக் வரிசை: வன்னி வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: 2009இல் பட்ட ஷெல் துண்டு இன்னும் இடுப்பில் இருக்கிறது. முதுகுவலிக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்கிறார்கள். காயத்தைச் சொன்னால் 'நீ இயக்கமா (புலியா)?' என்று கேட்பார்களோ என்று பயம். சொல்லாமல் விடலாமா? – புதுக்குடியிருப்பு

பதில்: விடவே கூடாது தம்பி. எம்.ஆர்.ஐ. இயந்திரம் பெரியதொரு காந்தம். துண்டில் இரும்பு இருந்தால் உள்ளே அசையலாம், சூடேறலாம். முள்ளந்தண்டுக்கோ இரத்தக் குழாய்க்கோ பக்கத்தில் என்றால் ஆபத்து. சொன்னால் முதலில் எக்ஸ்ரே எடுத்து அது எங்கே இருக்கிறது என்று பார்ப்பார்கள், சிலருக்கு சி.ரி. ஸ்கானே போதும். "உடம்பில இரும்புத் துண்டு இருக்கு" என்றால் சரி. எங்கே நின்றபோது பட்டது என்பது ஸ்கானுக்கு வேண்டாத கதை. வன்னியில் பள்ளிக்கூடப் பிள்ளைகளாக இருந்தவர்களின் உடம்பிலும் துண்டு கிடக்கிறது. டொக்டர்மாருக்கு இது புதிதல்ல.

உங்கள் பயத்தை வீண் பயம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. 2009 பெப்ரவரியில் உங்கள் ஊர் வைத்தியசாலையிலேயே ஷெல் விழுந்தது. அதைக் கண்டவர்களுக்கு வெள்ளைச் சுவரைப் பார்த்ததும் நம்பிக்கை வந்துவிடாது.

கேள்வி: வவுனியாவிலிருந்து அப்பாவை அனுராதபுரத்துக்கு மாற்றினார்கள். ஒப்பரேஷனுக்குச் சிங்களப் படிவத்தில் கையெழுத்துக் கேட்டார்கள். வாசிக்கத் தெரியாமலே போட்டுவிட்டேன். என் பிழையா? – செட்டிகுளம்

பதில்: இல்லை. 1987இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழியானது. ஆனால் இரவு 11 மணிக்கு வார்ட்டில் தனியாக நிற்கும் நர்ஸுக்குச் சட்டம் மொழிபெயர்ப்பாளரைக் கூட்டிவந்து தராது. நான் வேலை செய்த ஒரு வார்ட்டில், மருந்து ஒத்துக்கொள்ளாதா என்று சிங்களத்தில் கேட்டதற்கு ஒரு ஆச்சி "ஓம்" என்றா. ஒத்துக்கொள்ளுமா என்றதற்கும் "ஓம்". விளங்காவிட்டால் தலையாட்டாதீர்கள். இரண்டு மொழியும் தெரிந்த யாராவது ஊழியரைக் கூப்பிடச் சொல்லுங்கள். என்ன செய்யப் போகிறீர்கள், செய்யாவிட்டால் என்ன ஆகும், வேறு வழி உண்டா என்று கேளுங்கள். பத்து வயது மகனை மொழிபெயர்க்க விடவேண்டாம்; பாதியை விழுங்கிவிடுவான்.

கேள்வி: கிளினிக்கில் இலக்கத் துண்டு எழுதுபவர் 'தோட்டக்காட்டு ஆட்கள்' என்று எங்களைக் கடைசியில் இருத்துகிறார். அவரும் தமிழர்தான். – கிளிநொச்சி

பதில்: அவரும் தமிழர் என்பதால் இது பாகுபாடு இல்லை என்று ஆகிவிடுமா? 1958, 1977, 1983 வன்செயல்களுக்குத் தப்பி வந்து வன்னிக் காட்டை வெட்டிக் குடியேறிய மலையகக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகளையும் இன்னும் 'வந்த ஆட்கள்' என்கிறோம். வெட்கம். திகதி, நேரம், உங்கள் இலக்கம், சொன்ன வார்த்தை, பக்கத்தில் இருந்தவர் பெயர் எல்லாவற்றையும் அன்றைக்கே எழுதிவையுங்கள். கடிதம் வைத்தியசாலைப் பொறுப்பதிகாரிக்கு, பிரதி பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கு. பதில் வராவிட்டால் மனித உரிமைகள் ஆணைக்குழு. வவுனியாவிலும் அலுவலகம் உண்டு.

கேள்வி: மகளுக்குப் பிள்ளை பிறந்து நாலு மாதம். கையில் தோலுக்கடியில் வைக்கும் கருத்தடைக் குச்சி பற்றி மிட்வைஃப் கதைக்கிறா. கிளினிக்குக்கே அனுப்பப் பயமாக இருக்கிறது. – பூநகரி

பதில்: 2013இல் உங்கள் பக்கத்துக் கரையோரக் கிராமங்களில் அதைக் கட்டாயப்படுத்தி வைத்ததாகக் குற்றச்சாட்டு எழுந்தது. ஆகவே உங்கள் பயம் விளங்குகிறது. வேண்டாம் என்று சொல்ல மகளுக்கு உரிமை உண்டு. வைத்தபிறகு எடுக்கச் சொல்லவும் உண்டு. முடிவு அவளுடையது, உங்களுடையதும் அல்ல அம்மா. பிள்ளையின் தடுப்பூசிக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஊசித் திகதியைத் தவறவிடாதீர்கள்.