புதன்கிழமையில் மிதக்கும் சந்தை: எங்கே செல்வது?

வணக்கம். பாங்காக்கில் உங்களுக்குப் புதன்கிழமை ஒன்றுதான் ஓய்வு நாள், முழங்கால் வலியுள்ள தாயாருடன், படகுகளில் பொருள்கள் விற்கும் அம்பாவா மிதக்கும் சந்தைக்குச் செல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள். அம்பாவா வெள்ளி முதல் ஞாயிறு வரை, பிற்பகலில் தொடங்கி இரவு வரை நடப்பது. ஆகவே உங்களுக்கு உகந்தது நாள்தோறும் காலையில் கூடும் தம்னொன் சதுவாக் மிதக்கும் சந்தைதான்.

ராட்சபுரி மாநிலத்தில், பாங்காக்கிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ள இச்சந்தை, மே குளோங், தா சின் ஆறுகளை இணைப்பதற்காக நான்காம் ராமா மன்னர் காலத்தில் வெட்டப்பட்ட கால்வாயை ஒட்டியது. இன்று அது பெரிதும் சுற்றுலாப் பயணிகளுக்கான சந்தைதான் என்பதை மறைக்க விரும்பவில்லை. இருப்பினும், காலை எட்டு மணிக்குள் சென்றுவிட்டால், கூட்டம் சேருமுன் படகுக்காரப் பெண்கள் பழங்களை அடுக்குவதை நிதானமாகப் பார்க்கலாம்.

வாடகைக் கார் ஓட்டுநர்கள் சிலர் சந்தைக்கு வெளியே உள்ள தனியார் படகுத்துறையில் இறக்கிவிடுவார்கள். அங்கே கேட்கப்படும் கட்டணம் மிக அதிகம். சந்தை வரையிலும் காரிலேயே செல்ல வேண்டும் என்று முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளுங்கள். கரையோர நடைபாதையிலிருந்தே பொருள்கள் வாங்கலாம் என்பதால், ஆடும் படகில் தாயார் ஏறித்தான் ஆக வேண்டும் என்பதில்லை.

அவர் சைவம் என்றீர்கள். படகு நூடுல்ஸில் இறைச்சியும் பெரும்பாலும் இரத்தமும் சேரும், தவிர்த்துவிடுங்கள். அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் கலந்து, நம் குழிப்பணியாரம் போலவே வார்க்கும் கனோம் குரோக் அவருக்குப் பிடிக்கக்கூடும்.