ஐந்து மாதமாக வராத கார்

கேள்வி: சிங்கப்பூர் ஊபியில் இருக்கும் ஓர் இணை இறக்குமதியாளரிடம் ஜப்பானிலிருந்து வரும் ஹோண்டா வெசல் ஹைபிரிட் பேசி, 10,000 வெள்ளி முன்பணம் கட்டினேன். மூன்று மாதத்தில் கார் என்றார்கள், இது ஐந்தாவது மாதம். கேட்டால் "இந்த ஏலத்தில் சிஓஇ (கார் வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழ்) கிடைக்கவில்லை, அடுத்ததில் பார்ப்போம்" என்கிறார்கள். போன வாரம் விற்பனையாளரே போன் செய்து, இன்னும் 25,000 வெள்ளி கட்டினால் என் பெயரை முன்னால் தள்ளுவதாகச் சொன்னார். முதலில் போனபோது ஷோரூமில் எட்டு கார் நின்றது, இப்போது இரண்டுதான். கட்டலாமா?
— வாசகர், பொங்கோல்

பதில்: கட்டாதீர்கள். இந்த இதழைக் கீழே வைத்துவிட்டு அவருக்குப் போன் செய்து "முடியாது" என்று சொல்லிவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

முன்னால் தள்ளுவது என்று ஒரு சங்கதியே கிடையாது. சிஓஇ ஏலம் மாதம் இரண்டு முறை நடக்கிறது, கார்களுக்கான பிரிவுகளில் ஒரு ஏலக் கேள்விக்கு வைக்க வேண்டிய வைப்புத்தொகை 10,000 வெள்ளி. நீங்கள் கொடுத்தது அதே 10,000. கூடுதலாக 25,000 கொடுத்தால் உங்கள் கேள்வி வேறு வரிசையில் போய் நிற்காது, ஏலத்தில் வரிசையே இல்லை, விலைதான். அப்படியானால் அந்த 25,000 எதற்கு? என் ஊகம், உங்களுக்கு முன்னால் பணம் கட்டிய யாரோ ஒருவருடைய காரைப் பதிவு செய்வதற்கு.

இந்தத் தொழிலில் பணம் எப்படி ஓடுகிறது என்று தெரிந்தால் இது புரியும். லெங் கீ சாலையில் பெரிய ஷோரூம் வைத்திருக்கும் அதிகாரபூர்வ ஏஜென்ட்டுக்குத் தயாரிப்பு நிறுவனத்தோடு நேரடி ஒப்பந்தம் இருக்கிறது. இணை இறக்குமதியாளருக்கு அது இல்லை. அவர் ஜப்பானிலேயே ஒரு விற்பனையாளரிடமோ ஏற்றுமதியாளரிடமோ காசைக் கொடுத்து வாங்கிக் கப்பல் ஏற்றுகிறார். இங்கே வந்தால் கலால் வரி 20 சதவிகிதம், அதற்கு மேல் ஜிஎஸ்டி 9 சதவிகிதம், அப்புறம் பதிவு செய்யும் நாளில் ஏஆர்எஃப் என்கிற கூடுதல் பதிவுக் கட்டணம், சிஓஇ. வியாபாரம் நன்றாக நடக்கும்போது இன்று வந்த முன்பணத்தில் நேற்றைய காரின் வரியைக் கட்டி, நாளைய முன்பணத்தில் இன்றைய காரைப் பதிவு செய்து காலம் ஓட்டிவிடலாம். பலர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள், அதில் நேர்மையானவர்களும் உண்டு. புதிய ஆர்டர் குறைந்த மாதத்தில்தான் சிக்கல் வெளியே தெரியும்.

சிஓஇ விலையும் சேர்ந்து படுத்தும். "கேரண்டி சிஓஇ" என்று மொத்த விலையை முன்பே பேசி முடித்துவிட்டால், பிறகு ஏறும் ஒவ்வொரு வெள்ளியும் விற்பவர் தலையில். 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான பி பிரிவு 150,001 வெள்ளியைத் தொட்டது நினைவிருக்கும். பேசிய விலைக்கு மேல் 10,000 வெள்ளி ஏறினால், கையில் பத்து ஆர்டர் இருப்பவருக்கு ஒரு லட்சம் வெள்ளி நஷ்டம். அதனால் ஏலத்தில் குறைத்துக் கேட்டுவிட்டு, "கிடைக்கவில்லை" என்று உங்களிடம் சொல்லி விலை இறங்கக் காத்திருப்பார்கள். ஏலத்தில் கேட்காமலே இருப்பதும் நடக்கும். ஏ, பி பிரிவுகளில் தனிநபருக்காகக் கேட்கும் சிஓஇ அவர் பெயரில்தான் போக வேண்டும், இன்னொருவருக்கு மாற்ற முடியாது. எனவே எந்தெந்தத் தேதியில் என் பெயரில் கேட்டீர்கள், எவ்வளவுக்குக் கேட்டீர்கள், ஒப்புகை எங்கே என்று எழுத்தில் கேளுங்கள். வாய்வார்த்தையாக வரும் பதிலைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

உங்கள் ஒப்பந்தத் தாளை எடுத்துப் பாருங்கள். கேரண்டி இல்லாத வகையாக இருந்தால் வழக்கமாக "மூன்று மாதத்தில் ஆறு ஏலம், கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்பும்" என்பது போல் எழுதியிருப்பார்கள். அப்படி இருந்தால் கெடு தாண்டிவிட்டது, பணத்தைத் திருப்பிக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. தேதி குறிப்பிட்டு மின்னஞ்சலில் கேளுங்கள். வராவிட்டால் பயனீட்டாளர் சங்கமான கேஸிடம் போங்கள், சிறு கோரிக்கை நடுவர் மன்றமும் இருக்கிறது. அங்கே 20,000 வெள்ளி வரை வழக்கு எடுப்பார்கள், இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் 30,000 வரை. இப்போது புரிகிறதா, 35,000 ஆக்கிவிட்டால் அந்தக் கதவும் மூடிக்கொள்ளும்.

கடை மூடிய பிறகு எல்லாம் தாமதம்தான். நிறுவனம் கலைக்கப்பட்டால் அடமானம் வைத்திருக்கும் வங்கி முதலில், ஊழியர் சம்பளம், மசேநிதி (மத்திய சேமநிதி) போன்றவை அடுத்து, முன்பணம் கட்டியவர் எந்த ஈடும் இல்லாத கடன்காரராகக் கடைசி வரிசையில். 2014 இறுதியில் வோல்க்ஸ் ஆட்டோ என்ற இணை இறக்குமதி நிறுவனம் மூடியபோது வாடிக்கையாளர்கள் வரிசையாகப் போலீசில் புகார் கொடுத்தது பலருக்கு மறந்திருக்காது. ஷோரூமில் நிற்கிற கார் அவர்களுடையதுதானா என்பதும் நமக்குத் தெரியாது, நிதி நிறுவனத்தின் காசில் வந்து நிற்பதாகவும் இருக்கலாம். எட்டு இரண்டானது எனக்கும் நல்லதாகப் படவில்லை.

கேள்வி: பழைய காரைக் கார் கடையில் டிரேட்-இன் செய்தேன், புது காருக்கு ஈடாகக் கொடுத்தேன். வங்கிக் கடன் 18,000 வெள்ளி பாக்கி, அதைத் தாங்களே அடைப்பதாகச் சொல்லிக் காரை எடுத்துக்கொண்டு போனார்கள். ஆறு வாரமாகியும் வங்கி மாதத் தவணையைப் பிடிக்கிறது. கேட்டால் "பிராசஸ் ஆகிறது" என்கிறார்கள்.
— வாசகி, ஜூரோங் வெஸ்ட்

பதில்: அம்மா, கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது நீங்கள், காரை எடுத்தவர் இல்லை. அவர் அடைத்தால் உண்டு, அடைக்காவிட்டால் வங்கி உங்களைத்தான் கேட்கும், கார் எங்கே என்ற கேள்வி அதற்கு இல்லை.

இன்றே நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டரிங் தளத்தில் அரசாங்க மின்னடையாளமான சிங்பாஸ் போட்டு, கார் இன்னும் உங்கள் பெயரில் இருக்கிறதா என்று பாருங்கள். உரிமை மாற்ற நீங்களும் ஒப்புதல் கொடுக்க வேண்டும், நினைவில்லாமல் கொடுத்துவிட்டீர்களா என்பதும் அதில் தெரியும். உங்கள் பெயரில் இருந்தால் சாலை வரி, பார்க்கிங் சம்மன் எல்லாம் உங்கள் வீட்டுக்கே வரும். யாராவது ஓட்டி இடித்துவிட்டால் காப்புறுதித் தலைவலியும் உங்களுக்குத்தான். காரைக் கொடுத்த தேதி, நேரம் போட்டு அவர்கள் கையெழுத்திட்ட தாள் இருக்கிறதா? இல்லாவிட்டால் அன்றைய வாட்ஸ்அப் செய்திகளையாவது அழிக்காமல் வையுங்கள். வங்கியிடம் முழுத் தொகை அடைப்புக் கடிதம் கேட்டு, "இந்தத் தேதிக்குள் வங்கிக்கு நேராகக் கட்டுங்கள், இல்லாவிட்டால் காரைத் திருப்பிக் கொடுங்கள்" என்று எழுத்தில் கேளுங்கள். தவணையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், கோபத்தில் பலர் செய்யும் தப்பு அது.

கேள்வி: இணை இறக்குமதியாளரிடம் ஐந்து வருட வாரண்டியோடு கார் வாங்கினேன், இரண்டாம் வருடமே கடை மூடிவிட்டது. அதிகாரபூர்வ ஏஜென்ட் பழுது பார்ப்பார்களா?
— வாசகர், செங்காங்

பதில்: காசு கொடுத்தால் பார்க்கலாம், இலவசமாகப் பார்க்கும் கடமை அவர்களுக்கு இல்லை. வாரண்டி தந்தது தயாரிப்பு நிறுவனம் இல்லை, மூடிப்போன கடை. 2012 செப்டம்பரிலிருந்து இருக்கும், பழுதான பொருளுக்கு விற்றவரைப் பொறுப்பாக்கும் லெமன் சட்டமும் விற்றவரைத்தான் பிடிக்கும், ஆளே இல்லாதபோது யாரைப் பிடிப்பது? ஒரே ஒரு வழி பாருங்கள்: வாரண்டித் தாளில் வேறு காப்புறுதி நிறுவனத்தின் பெயர் இருந்தால் அது இன்னும் செல்லுபடியாகலாம்.

கேள்வி: அப்படியானால் இவர்களிடம் வாங்கவே கூடாதா?
— அதே செங்காங் வாசகர்

பதில்: நானே வாங்கியிருக்கிறேன், ஏஜென்ட்டிடம் கேட்டதைவிட விலை குறைவு என்பதுதான் காரணம். ஆனால் ஒப்பந்தம் போடும் முன் நிறுவனங்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான அக்ராவில் சில வெள்ளி கொடுத்து நிறுவனத்தின் விவரத்தை எடுத்தேன், எத்தனை வருடமாக இருக்கிறது, இயக்குநர் யார், மூலதனம் எவ்வளவு என்று. இங்கே ஒரு வெள்ளி மூலதனத்திலும் நிறுவனம் தொடங்கலாம், அது வேறு கதை. முன்பணத்தைக் கடன் அட்டையில் போட்டேன், தகராறு வந்தால் வங்கியிடம் முறையிடலாம் என்று. மீதித் தொகையைப் பதிவு நாள்வரை கொடுக்கவில்லை. விற்பனையாளர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்தான். பதிவு நாளன்று அவர் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, என் போனில் என் பெயரும் கார் எண்ணும் சரியாக வந்த பிறகே காசோலையை நீட்டினேன். அதற்குள் அவர் கொடுத்த கோப்பி ஆறிவிட்டது.