ஒரு மரபணு இரண்டாகப் பெருகிவிட்டால் கூடுதல் நகல் வீண்தானே?

பெரும்பாலும் வீண்தான். ஒன்று கெட்டாலும் இன்னொன்று வேலை பார்க்கும் என்பதால் கூடுதல் நகலில் பிழை சேர்ந்து சேர்ந்து அது செத்துப்போகும். சில நகல்கள் மட்டும் கோடிக்கணக்கான வருஷமாகத் தாக்குப்பிடித்திருக்கின்றன.

மரபணு தயாரிக்கும் பொருள் அதிகம் தேவைப்பட்டால் இரண்டு நகலும் அப்படியே நிற்கும். சோற்றின் மாவுச்சத்தை வாயிலேயே உடைக்கும் அமைலேஸ் என்ற நொதியின் மரபணு அப்படித்தான். நகல் கூடக்கூட எச்சிலில் அந்த நொதியின் அளவும் கூடும். ஒரு நகல் புது வேலைக்குப் போவதும் உண்டு. 1970இல் மரபியல் அறிஞர் சுசுமு ஓனோ வலியுறுத்தியது இதைத்தான். நம் கண்ணில் சிவப்பையும் பச்சையையும் பிரித்துக் காட்டும் இரண்டு மரபணுக்களும் ஒன்று இரண்டாகி வந்தவை. திருப்பூர் சாயப்பட்டறையில் ஷேடு பார்க்கிறவர் பிழைப்பு அதில்தான் ஓடுகிறது.

ஆனால் நகல் சாவதற்குள் உருப்படியான மாற்றம் ஒன்று அதில் வந்து விழவேண்டுமே! நகல் பிழைத்துக்கிடக்க அதைவிடச் சுலபமான வழி ஒன்று உண்டு. எனக்கு அதைப் புரியவைத்தது எங்கள் வீட்டுச் சமையலறை.

பொள்ளாச்சி வீட்டில் இரண்டு கிரைண்டர். ஒன்று அம்மாவுடையது, இன்னொன்று நங்கை சீராகக் கொண்டுவந்தது (அண்ணியை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்). இரண்டுமே மாவும் ஆட்டும், தேங்காயும் துருவும். முதலில் அம்மாவுடையதில் துருவி உடைந்தது. "அதான் இன்னொண்ணு இருக்குதல்லொ" என்று யாரும் மாற்றவில்லை. அப்புறம் நங்கையுடையதில் கல் தேய்ந்து மாவு நறநறவென்று வந்தது, அதையும் கொத்தவில்லை. இப்போது இரண்டில் ஒன்றைக்கூடக் கழித்துக்கட்ட முடியாது.

மரபணுவுக்கும் அதை இலையில் இயக்க ஒரு சுவிட்சு, வேரில் இயக்க ஒரு சுவிட்சு என்று இருக்கும். ஒரு நகலில் ஒன்று கெட, மற்றதில் வேறொன்று கெட, இரண்டும் சேர்ந்தால்தான் பழைய ஒரு மரபணுவின் வேலை முழுசாக நடக்கும். 1999இல் ஃபோர்ஸ், லிஞ்ச் முதலிய உயிரியல் ஆய்வாளர்கள் முன்வைத்த விளக்கம் இது. யாரும் உட்கார்ந்து பாகம் பிரிக்கவில்லை, நடந்ததெல்லாம் பழுதுதான்.

நம் பருத்தியிலேயே இதற்கு அண்டை உறவான ஒரு சங்கதி இருக்கிறது. பழைய நாட்டுப் பருத்தியான கருங்கண்ணிக்கு 26 குரோமோசோம் (மரபணுக்களைச் சுமக்கும் இழைகள்). அதை ஓரங்கட்டிய கம்போடியா என்ற பருத்திக்கு 52. (கோவையில் 1968இல் வெளியிட்ட எம்.சி.யு. 5 என்ற பருத்தி ரகத்தின் பெயரில் உள்ள 'சி' இந்தக் கம்போடியாதான்.) பத்துப் பதினைந்து லட்சம் வருஷத்துக்கு முன் இரண்டு பருத்தி இனங்கள் கலந்து உண்டானது கம்போடியா என்பதால் அதில் பெரும்பாலான மரபணுக்களுக்கு ஒரு ஜோடி இருக்கிறது. ஆல்கஹால் டிஹைட்ரஜனேஸ் என்ற நொதியின் மரபணு ஒன்றை ஆய்வாளர்கள் பார்த்தார்கள். பூவின் ஓர் உறுப்பில் ஒரு நகல் வாயை மூடிக்கொள்ள, இன்னோர் உறுப்பில் மற்றது மூடிக்கொள்கிறது. ஆய்வகத்தில் புதிதாகக் கலந்து உண்டாக்கிய பருத்தியிலும் இப்படி நகல்கள் அடங்கிப்போவதைப் பார்த்திருக்கிறார்கள். அங்கே சுவிட்சு கெட்டுப்போகும் அளவுக்கு நாளே ஆகியிருக்காது.