பதில்: இர்ரெலவண்டா மைனரா?

தங்கச்சி, முத்தையன்கட்டுப் பக்கம் யானை வந்து நெல்லை மிதிச்சதுக்கு இங்கிலீஷில ரிப்போர்ட் எழுதேக்க, வேலியில ரெண்டு கட்டை சரிஞ்சதை "இர்ரெலவண்ட் டீடெயில்" எண்டு போட்டிட்டீங்கள், மேலதிகாரி சிவப்புப் பேனையால சுழிச்சுப்போட்டார், ஏன் பிழை எண்டு கேட்டிருக்கிறீங்கள். அவர் சுழிச்சது சரிதான். இர்ரெலவண்ட் எண்டா விசயத்தோட சம்பந்தமே இல்லை எண்டு அர்த்தம், அது எவ்வளவு பெரிய விசயமா இருந்தாலும் சரி, அந்தக் கமக்காரற்ற மகன் கனடாவில இருக்கிறது அவருக்குப் பெரிய விசயம்தான் ஆனா யானைக் கதைக்கு இர்ரெலவண்ட். வேலி சம்பந்தம் உள்ளது, சேதம்தான் சின்னன், அதுக்கு மைனர் எண்டு போடுங்கோ. ட்ரிவியல், அதாவது அற்பம் எண்டு போடாதேங்கோ, அது கொஞ்சம் நக்கலாக் கேக்கும், வேலி போன மனுசன் வாசிச்சா கொதிப்பார். அளவைப் பற்றிச் சொல்ல நெக்லிஜிபிள் இருக்கு, கணக்கில எடுக்கத் தேவையில்லாத அளவு எண்டு.

மற்றது நீங்கள் கேட்ட மினூஷியே (minutiae), சின்னச் சின்ன விபரங்கள் எண்டு அர்த்தம், அது பன்மை, 'இஸ்' வராது 'ஆர்' தான் வரும், ஆனா ஒப்பீஸ் ரிப்போர்ட்டுக்கு ஏன் அந்தச் சொல்லு, மைனர் டீடெயில்ஸ் எண்டாலே காணும். இர்ரெலவண்டுக்குப் பின்னால 'டு' போடுங்கோ, 'ஃபோர்' இல்லை. அந்தச் சொல்லின்ர எழுத்துக்கூட்டையும் (irrelevant) ஒருக்காப் பாருங்கோ, கனபேர் 'எல்'லையும் 'வி'யையும் இடம் மாத்திப் போடுறவை.