தலையை முட்டிக்கொள்ளும் மகனைக் கண்டுகொள்ளாமல் இருக்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு ஐந்து வயது. ஆட்டிசம் என்று உறுதி செய்திருக்கிறார்கள். நான்கைந்து சொற்கள் மட்டுமே பேசுவான். நான் சமையலறையில் இருந்தாலோ போனில் பேசினாலோ சுவரில் தலையை முட்டிக்கொள்கிறான். ஓடிப்போய்த் தூக்கினால் நிறுத்திவிடுவான். நான் வரத் தாமதமானால் மாமியார் செல்போனைக் கொடுத்துவிடுகிறார். பயிற்சியாளரோ, ‘டிஃபரென்ஷியல் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் செய்யுங்கள்; முட்டும்போது கண்டுகொள்ளாதீர்கள், நல்லபடியாக இருக்கும்போது பரிசு கொடுங்கள்’ என்கிறார். அடிபட்டாலும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா? பரிசு கொடுப்பது லஞ்சம் ஆகாதா?

பதில்: பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. பயிற்சியாளர் சொன்ன முறை சரியானதுதான். ஆனால் அதில் எது முதலில், எது பிறகு என்பது உங்களுக்குத் தெளிவாகவில்லை என்று தோன்றுகிறது. முட்டுவதால் கிடைத்துவந்த பலனை நிறுத்துவது அந்த முறையின் ஒரு பகுதி. அதே பலன் வேறொரு நல்ல செயலுக்கு உடனுக்குடன், தவறாமல் கிடைக்கும்படி செய்வதுதான் அதன் உயிர்நாடி. இரண்டாவதைத் தொடங்காமல் முதலாவதை மட்டும் செய்தால், பேச்சு வராத குழந்தை உங்களை அழைக்க வைத்திருக்கும் ஒரே வழியையும் அடைத்துவிடுகிறோம்.

எதற்கும் முன்பாக உடலைப் பரிசோதிக்க வேண்டும். காதுவலி, பல்வலி, மலச்சிக்கல், தூக்கக் குறைவு ஆகியவற்றைச் சொல்லத் தெரியாத குழந்தைகளும் தலையை முட்டிக்கொள்வதுண்டு. பக்கத்தில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், நேரம் காலமின்றி முட்டுகிறான் என்றால் இந்தச் சந்தேகம் வலுக்கும்.

பிறகு, ஒரு வாரம் ஒரு நோட்டில் ஒவ்வொரு முறையும் மூன்றே விவரங்களை எழுதுங்கள்: முட்டுவதற்குச் சற்றுமுன் என்ன நடந்தது, எவ்வளவு நேரம் முட்டினான், அதன்பின் அவனுக்கு என்ன கிடைத்தது. உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால் இரண்டு பலன்கள் தெரிகின்றன. ஒன்று நீங்கள், மற்றொன்று செல்போன். எது பெரிது என்பதை நோட்டு சொல்லும். இந்த வேலை சலிப்பூட்டும் என்றாலும் இதைத் தவிர்க்க முடியாது. அமெரிக்க உளவியலாளர்கள் எட்வர்ட் கார், மார்க் டுராண்ட் ஆகியோர் 1985-இல் வெளியிட்ட ஆய்வில், குழந்தை எதற்காக அப்படி நடந்துகொள்கிறதோ அதையே கேட்டுப் பெறும் சொற்றொடரைக் கற்றுக்கொடுத்தபோது அந்த நடத்தை வெகுவாகக் குறைந்தது. காரணத்தோடு பொருந்தாத சொற்றொடரைக் கற்றுக்கொடுத்தபோது அந்தப் பலன் கிட்டவில்லை.

அவன் தேடுவது உங்களைத்தான் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் புகைப்படத்தை ஓர் அட்டையில் ஒட்டி, சமையலறை வாசலில் அவன் கைக்கு எட்டும் உயரத்தில் மாட்டுங்கள். அவன் அமைதியாக இருக்கும் நேரத்தில், மாமியார் அவனுக்குப் பின்னால் நின்று, எதுவும் பேசாமல், அவன் கையைப் பிடித்து அட்டையை எடுக்கவைத்து உங்களிடம் கொடுக்கவைக்க வேண்டும். நீங்கள் அட்டையை வாங்கிய கையோடு, ‘அம்மா வா’ என்று அவனுக்காகச் சொல்லி, எந்த வேலையையும் விட்டுவிட்டு அவனோடு அரை நிமிடம் உட்கார வேண்டும். முதல் சில நாட்கள் ‘இதோ வந்துவிடுகிறேன்’ என்ற பேச்சே கூடாது. ஏனென்றால், முட்டுவதைவிட அட்டை விரைவாகவும் எளிதாகவும் பலன் தந்தால்தான் அவன் அதைத் தேர்ந்தெடுப்பான். முட்டிய உடனேயே அட்டையை எடுக்கவைக்காதீர்கள். முட்டிவிட்டு அட்டையை எடுப்பதே ஒரு தொடர் பழக்கமாகிவிடும். அவன் சுவரை நோக்கி நகரும் முன்பே கையை அட்டைக்குக் கொண்டுபோக வேண்டும்.

அப்படியும் முட்டினால், தலைக்கும் சுவருக்கும் இடையில் தலையணையையோ உங்கள் உள்ளங்கையையோ வையுங்கள். கொஞ்சலும் திட்டும் வேண்டாம். செல்போன் கூடவே கூடாது. பலன் நின்றதும் முட்டல் குறைவதற்கு முன் சில நாட்கள் கூடுவது உண்டு. அந்த நேரத்தில் மனம் பொறுக்காமல் ஒருமுறை செல்போனைக் கொடுத்துவிட்டால், இன்னும் பலமாக முட்டினால் கிடைக்கும் என்றே அவன் கற்றுக்கொள்வான். தலையில் அடிபடும் பழக்கம் என்பதால், இந்தக் கட்டத்தைப் பயிற்சியாளரின் நேரடி மேற்பார்வையில் கடப்பதே நல்லது.

லஞ்சம் என்று நீங்கள் அஞ்சுவது ஏற்கெனவே உங்கள் வீட்டில் நடந்துகொண்டிருக்கிறது. முட்டத் தொடங்கிய பின் நிறுத்துவதற்காகக் கைமாறும் செல்போன்தான் அது. மாமியாரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. பேரன் முட்டிக்கொள்வதைப் பார்த்து எந்தப் பாட்டியும் அதைத்தான் செய்வார்.

முட்டாமல் இருக்கும் நேரத்துக்குப் பரிசு தரும் மற்றொரு வகையும் உண்டு. சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை முட்டுகிறான் என்றால், ஏழெட்டு நிமிடம் முட்டாமல் கழிந்ததும் நீங்களாகவே அவனிடம் போக வேண்டும். பிறகு இடைவெளியை மெல்ல நீட்டலாம். முட்டுவதற்குப் பதிலாக என்ன செய்வது என்பதை இந்த வகை கற்றுத்தருவதில்லை என்பதால், நான் அதைத் துணையாக மட்டுமே சொல்வேன்.

அட்டை பிடிபட்டதும் உங்களை ஓயாமல் அழைப்பான். எரிச்சல் வரும், ஆனாலும் சில வாரங்கள் பொறுத்துக்கொண்டு, பின் ஐந்து நொடி, பத்து நொடி என்று காத்திருக்கப் பழக்குங்கள். மூன்று, நான்கு வாரங்களுக்குப் பிறகும் நோட்டில் எண்ணிக்கை குறையவில்லை என்றால், நாம் ஊகித்த காரணம் தவறாக இருக்கலாம். நோட்டோடு பயிற்சியாளரையோ, மாவட்ட அரசு மருத்துவமனையில் வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்காக இயங்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையத்தையோ அணுகுங்கள். முட்டிய பின் வாந்தி, வழக்கத்துக்கு மாறான தூக்கக் கலக்கம், மயக்கம், வலிப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் தாமதிக்காமல் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுசெல்லுங்கள்.