பலமில்லாதவர்கள் தமது குறையையே பலமாக மாற்றிக்கொள்வது உண்மையில் சாத்தியமா?

சாத்தியம்தான். ஆனால் எல்லாக் குறைகளும் பலமாக மாறிவிடுவதில்லை. எதிரில் இருப்பவர் எதற்காக நம்மை நம்பியிருக்கிறாரோ, அந்த இடத்தோடு நமது குறை சம்பந்தப்பட்டிருந்தால் மட்டுமே அதற்கு வழி பிறக்கும் என்பது, இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் வளர்ந்தவன் என்ற முறையில் என் கருத்து.

எங்கள் லயங்களையே, அதாவது தொழிலாளரின் வரிசை வீடுகளையே, எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பிரா (அறை), முன்னால் ஓர் ஒடுங்கிய இஸ்தோப்பு (திண்ணை), நடுவில் மெல்லிய சுவர். வேலை பிரித்துக்கொடுக்கும் விடியற்காலைப் பிரட்டுக்கு ஆட்கள் தவறாமல் வந்து நிற்க வேண்டும், எல்லோரும் மேற்பார்வை செய்யும் கங்காணியின் கண்பார்வையில் இருக்க வேண்டும் என்பதற்காகவே தொழிலாளரைத் தோட்டத்துக்குள் இப்படி அடைத்துக் குடியமர்த்தினார்கள். ஆனால் அடுத்த காம்பிராவில் இருமினாலும் கேட்கும் அந்த நெருக்கத்தில், மாலையில் கோயிலடியில் எடுக்கப்பட்ட ஒரு முடிவு இரவுச் சாப்பாட்டுக்குள் கடைசி லயம்வரை போய்ச் சேர்ந்துவிடும். துண்டுப்பிரசுரமும் தேவையில்லை, ஒலிபெருக்கியும் தேவையில்லை. வேலை முடிந்ததும் திசைக்கொருவராக வீடு திரும்பும் நகரத்துத் தொழிலாளருக்கு இந்த வசதி இருந்ததில்லை.

நெருக்கம் மட்டும் போதுமானதல்ல. தேயிலைச் செடி யாருக்காகவும் காத்திருப்பதில்லை என்பதே இதில் முக்கியம். கிட்டத்தட்ட வாரத்துக்கொரு முறை அதே மலையில் மீண்டும் கொழுந்து எடுக்க வேண்டும்; தவறினால் இலை முற்றிவிடும், முற்றிய இலையில் நல்ல தூள் வராது. பறித்த கொழுந்தையும் தாமதிக்காமல் ஆலையில் வாடப்போட வேண்டும். ஆகவே அன்றாடம் பேர் (ஒரு நாள் வேலைக்கான பதிவு) போட்டால்தான் அடுப்பெரியும் என்ற நிலையிலிருந்த மக்களிடம், நாட்டின் அந்நியச் செலாவணியில் பெரும்பகுதியைத் தடுத்து நிறுத்தக்கூடிய பிடி ஒன்று இருந்தது.

1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டமும் அதையடுத்து வந்த தேர்தல் சட்டத் திருத்தமும் இந்திய வம்சாவளியினரான மலையக மக்களில் மிகப் பெரும்பான்மையினரை நாடற்றவர்களாகவும் வாக்கற்றவர்களாகவும் ஆக்கின. 1964ஆம் ஆண்டு இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்துகொண்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்து, 1,50,000 பேரின் கதியைப் பின்னொரு நாளுக்குத் தள்ளிவைத்தது. இந்தப் பங்கீட்டில் சம்பந்தப்பட்ட மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாக்கில்லாத மக்களைப் பாராளுமன்றம் பொருட்படுத்தாமல் இருக்கலாம். ஆனால் அவர்களது உழைப்பைத் தேயிலை வருமானம் பொருட்படுத்தாமல் இருக்க முடியாது. 1984இல் ஆண்களுக்குச் சமமான நாட்சம்பளம் பெண்களுக்கும் கிடைத்தது வேலைநிறுத்தத்தால்தான்.

1986இன் தொடக்கத்தில் தோட்டத் தொழிற்சங்கமான இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் பிரஜாவுரிமை கோரி நடத்திய பிரார்த்தனை இயக்கம் இன்னும் நுட்பமானது. காலையில் பிரட்டுக்குப் போகாமல் தொழிலாளர்கள் பிரார்த்தனைக்குக் கூடினார்கள். பிரார்த்தனை முடிந்த பிறகே வேலை. தோட்டத்து மக்களின் பக்தியை அறியாமை என்று எள்ளிய படித்தவர்கள் அந்தக் காலத்தில் பலர் (இன்றும் சிலர் உண்டு). ஆனால் சாமி கும்பிடுபவர்களைப் பொலிஸைவிட்டு அடிப்பது எந்த அரசாங்கத்துக்கும் சங்கடமான காரியம்; வடக்கில் போர் மூண்டிருந்த வேளையில் மலைநாட்டிலும் ஒரு கொந்தளிப்பை அது விரும்பியிருக்காது. நாடற்றிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் அதே ஆண்டில் வந்தது; எஞ்சியவர்களுக்காக 1988இலும் 2003இலும் மேலும் சட்டங்கள் தேவைப்பட்டன.

குறை பலமாகுமா என்ற கேள்விக்குப் பலரும் கண்டியில் பிறந்த முத்தையா முரளிதரனைத்தான் உதாரணம் காட்டுவார்கள். பிறவியிலேயே முழுமையாக நீட்ட முடியாத முழங்கை, அசாதாரணமாகச் சுழலும் மணிக்கட்டு, முடிவில் 800 டெஸ்ட் விக்கெட்டுகள் என்ற கதை உண்மைதான். ஆனால் 1995இல் மெல்பேர்னில் நடுவர் அவரது பந்துவீச்சை 'எறிதல்' என்று அறிவித்தபோது அணியும் கிரிக்கெட் சபையும் அவரைக் கைவிட்டிருந்தால், அந்தக் கை அவருக்கு இறுதிவரை வெறும் குறையாகவே இருந்திருக்கும். மேலும் அவர் லயத்துப் பிள்ளை அல்ல, தொழிலதிபர் ஒருவரின் மகன். அவரைக் காட்டி, விஞ்ஞானப் பிரிவே இல்லாத தோட்டப் பாடசாலைப் பிள்ளையிடம் "உன்னாலும் முடியும்" என்று சொல்வது எனக்கு உவப்பாக இல்லை. பக்கத்தில் நிற்க ஆளில்லாத இடத்தில் குறை பெரும்பாலும் குறையாகவே இருந்துவிடுகிறது.

எதிர்த்தரப்பும் சும்மா இருப்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நெடுங்காலக் கோரிக்கையான 1,000 ரூபாய் நாட்சம்பளம் 2021இல் சட்டப்படி வந்ததும், பல தோட்டங்களில் ஒரு பேருக்கு எடுக்க வேண்டிய கொழுந்தின் நிறை கூட்டப்பட்டது, எட்டாதவர்களுக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். இன்று இளைஞர்கள் கொழும்புக் கடைகளுக்கும் வெளிநாடுகளுக்கும் போய்விட, மலையில் ஆள் பற்றாக்குறை. எஞ்சியிருப்பவர்களின் பேரம்பேசும் சக்தி இதனால் கூடியிருக்க வேண்டும். ஆனால் செடிகளைக் குடும்பங்களுக்குப் பிரித்துக்கொடுத்து, கிலோவுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொள்ளும் முறைக்குச் சில தோட்டங்கள் மாறி வருகின்றன. அந்த முறையில் பிரட்டும் இல்லை, எல்லோரும் ஒரே காலையில் சேர்ந்து மறுப்பதற்கான வேலையும் இல்லை.